பரிசாகக் கொடுக்க மலிவு விலை கேமிங் டெஸ்க்டாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி நெருங்கும்போது ஒரு தடவை, நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனை வரும்போது இன்னொரு தடவை. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து உறவுக்காரர்களும் சரி, வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டுக்கு வந்திருக்கும் குடும்பங்களும் சரி, எனக்கு அனுப்பும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சாமான்களின் விலையை மட்டும் விட்டுவிட்டேன். ராண்ட் மதிப்பு ஆடுகிற ஆட்டத்தில் இன்று எழுதுவது அடுத்த வாரமே பொய்யாகிவிடும்.

"பையனுக்கு 13 வயசு. 'கேமிங் பிசி வேணும்'னு மட்டும்தான் சொல்றான். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

கடையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அவன் என்ன விளையாடுகிறான் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட் என்றால் சாதாரணக் கம்ப்யூட்டரே ஓரளவு போதும். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஃபோர்ட்நைட் என்றால் நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டு (விளையாட்டின் படத்தைத் திரைக்கு வரைந்து கொடுக்கும் பாகம்) ஒன்று வேண்டும். புதிதாக வரும் பெரிய கதை விளையாட்டுகளை எல்லாம் ஓட்ட வேண்டும் என்றால் செலவு ஒரு படி ஏறும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரருக்கு எது தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டுக்கு வரும்.

ரகசியமாக வைக்க வேண்டும் என்றால் அவனுடைய சித்தப்பா பையனையோ பள்ளிக்கூட நண்பனையோ கேளுங்கள். ஃபோனில் அவன் பார்க்கும் யூடியூப் வீடியோக்களைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நண்பர்களோடு சேர்ந்து எதை விளையாடுகிறான் என்பதுதான் முக்கியம், தனியாக எதை ஆசைப்படுகிறான் என்பது அப்புறம்.

"பேசாம ஒரு பிஎஸ்5 வாங்கிக் கொடுத்துட்டா தொல்லை இல்லையே?"

பல வீடுகளுக்கு அதுதான் சரியான பதில், இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பந்து விளையாட்டும் கார் பந்தயமும்தான் பிடிக்கும், டிவி ஏற்கனவே இருக்கிறது என்றால் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) மாதிரி, டிவியில் சொருகி ஆடும் கன்சோல் வாங்குங்கள். காசு கொடுத்து வாங்கும் பெரும்பாலான விளையாட்டுகளை அதில் இணையத்தில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும், ஃபோர்ட்நைட் மாதிரி இலவசமானவற்றுக்குத் தேவையில்லை.

வாலரன்ட் பிசிக்காரர்களும் கன்சோல்காரர்களும் ஒன்றாக ஆட முடியாது. நண்பர்கள் எல்லோரும் பிசியில் இருந்தால் இவன் மட்டும் கன்சோலோடு தனியாக உட்கார்ந்திருப்பான். பள்ளி அசைன்மென்ட், கோடிங், வீடியோ எடிட்டிங் இதற்கெல்லாமும் உதவ வேண்டும் என்றாலும் பிசிதான்.

"15,000 ராண்ட் ஒதுக்கியிருக்கோம். அதுக்குள்ள எல்லாம் வந்துருமா?"

"எல்லாம்" என்பதில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். டவர் (பாகங்கள் எல்லாம் இருக்கும் பெட்டி), மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், விண்டோஸ், சர்ஜ் பிளக் (திடீரென்று எகிறும் மின்சாரத்தைத் தடுப்பது), அப்புறம் வைஃபை. விளம்பரப் படத்தில் மானிட்டரும் வண்ண விளக்குக் கீபோர்டும் பளபளக்கும், அடியில் பொடி எழுத்தில் "டவர் மட்டும்" என்றிருக்கும். விலை குறைந்த மதர்போர்டுகள் (பாகங்களைச் சொருகும் பலகை) பலவற்றில் வைஃபை கிடையாது. ரவுட்டர் ஹாலில், பையன் மாடியில் என்றால் பிறந்தநாள் அன்றைக்கு இணையமே இல்லாமல் முழிப்பீர்கள்.

பணம் போதாவிட்டால் தள்ளிப்போட ஏற்றது மானிட்டர்தான், கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. கொஞ்ச நாளைக்கு வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகி ஆடட்டும். ஆயா தாத்தா பங்கு, மாமா பங்கு என்று கிறிஸ்துமஸுக்குள் மானிட்டர் சேர்ந்துவிடும். வாங்கும்போது 24 அங்குலம், 1080பி (முழு எச்டி), 100 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 100 தடவை படம் மாறும் வேகம்) குறையாதது போதும். இந்த விலையில் 4கே பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம், 4கே படத்தை இழுக்க இந்தக் கார்டுகளுக்குத் தெம்பு கிடையாது.

"ப்ராசஸர், ராம், கிராஃபிக்ஸ் கார்டுன்னு ஏகப்பட்டது சொல்றாங்க. காசை எதுல போடணும்?"

கிராஃபிக்ஸ் கார்டில். டவருக்கு ஒதுக்கியதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ அந்த ஒரு சாமானுக்கே போகலாம், தப்பில்லை. மலிவு விலை கம்ப்யூட்டர்களில் நடக்கும் தில்லுமுல்லு பெரும்பாலும் இங்கேதான்: ப்ராசஸர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, ராமைப் பெருமையாகச் சொல்லி, கார்டு என்று வரும்போது "கேமிங் கிராஃபிக்ஸ்" என்று பூசி மெழுகியிருப்பார்கள். கார்டின் முழுப்பெயரைச் சொல்லாத விளம்பரத்தை அப்படியே தாண்டிப் போய்விடுங்கள்.

கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸருக்கு ஆறு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) போதும். ஏஎம்டியில் ரைசன் 5 5600, இன்டெலில் ஐ5-12400எஃப் இரண்டும் 2022-இல் வந்தவை, பட்ஜெட் பிசிகளில் இன்னும் புழங்குகின்றன, விளையாட்டுக்குத் தாராளம். ஐ7, ஐ9 என்று ஏறுவதற்குச் செலவாகும் காசைக் கார்டுக்குக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைக்கும்.

ராம் (ஓடும்போது மட்டும் பயன்படும் தற்காலிக மெமரி) 16 ஜிபி, அதுவும் 8 ஜிபி குச்சிகள் இரண்டாக. ஒரே குச்சியாகப் போட்டால் மெமரி பாதி வேகத்தில்தான் ப்ராசஸரோடு பேசும். 2025 கடைசியில் ராம் விலை உலகம் முழுக்கத் தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்காக மெமரி சில்லுகள் அந்தப் பக்கம் போனதுதான் காரணம். அதனால் சில கடைகள் 8 ஜிபியோடு நிறுத்திவிட்டுப் பழைய விலையையே காட்டுகின்றன, எண்ணைப் பார்த்து வாங்குங்கள். விளையாட்டுகளைச் சேமித்துவைக்கும் ஸ்டோரேஜுக்கு என்விஎம்இ எஸ்எஸ்டி என்ற வேகமான வகை, முடிந்தால் 1 டிபி (சுமார் 1,000 ஜிபி). பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுவதால் 500 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும்.

"கார்டு பேரெல்லாம் ஒரே மாதிரி இருக்கே. நம்பர் பெரிசா இருந்தா நல்லது, அதானே?"

முழுக்க அப்படி இல்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 என்பதில் முதலில் வரும் 50 தலைமுறை, கடைசியில் வரும் 60 அந்தத் தலைமுறைக்குள் அது எந்தப் படி என்பது. கடைசி எண் 50 என்றால் கீழ்ப்படி, 60 நடுப்படி. இந்த பட்ஜெட்டில் தேட வேண்டியவை என்விடியாவில் 4060, 5050, 5060. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6600, 7600, காசு இருந்தால் 9060 எக்ஸ்டி. இன்டெலின் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி மெமரி இருக்கிறது, நல்ல கார்டு, ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய மதர்போர்டில் போட்டால் சொதப்பும்.

ஜிடி 710, ஜிடி 730, ஜிடி 1030 எல்லாம் மானிட்டரில் படம் வரவைக்கத்தான், விளையாட அல்ல. "4 ஜிபி கிராஃபிக்ஸ்" என்று ஜிடி 730-ஐ விற்பார்கள். மெமரி எவ்வளவு இருந்தாலும் சில்லு பலவீனமாக இருந்தால் ஒன்றும் ஓடாது. ஆர்டிஎக்ஸ் 3050-இலும் ஒரு சூட்சுமம் உண்டு. 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வருகிறது, மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்துவிடுவார்கள், ஆனால் 6 ஜிபி கார்டில் சில்லே வெட்டிக் குறைக்கப்பட்டது, வேகமும் குறைவு.

"'ஐ7, 16 ஜிபி, ஆர்ஜிபி லைட்'னு 6,000 ராண்டுக்கு விளம்பரம் பார்த்தேன். எடுத்துடலாமா?"

எந்த ஐ7 என்று கேளுங்கள். ஐ7-2600 வந்தது 2011-இல், ஐ7-4770 வந்தது 2013-இல். கோடுக்கு அப்புறம் வரும் முதல் எண்தான் தலைமுறை (12400 மாதிரி ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு). ஏதோ அலுவலகத்தில் பத்து வருஷம் உழைத்து ஓய்வுபெற்ற கம்ப்யூட்டரைத் துடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, விளக்குப் போட்டிருப்பார்கள். கல்யாண வீட்டு சீரியல் செட்டைப் பழைய அம்பாசடருக்குக் கட்டின மாதிரி.

பாட்டுக் கேட்க, பாடம் படிக்க அது ஓடும். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் ப்ராசஸர்களில் மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. வாலரன்ட் விண்டோஸ் 11-இல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் கேட்கும். பேட்டில்ஃபீல்ட் 6-க்கும் செக்யூர் பூட் கட்டாயம். ஆக, அவன் ஆசைப்பட்ட விளையாட்டே அதில் திறக்காமல் போகலாம்.

"கிராஃபிக்ஸ் கார்டே இல்லாம ஓட்ட முடியாதா? அடுத்த வருஷம் போட்டுக்கலாமே?"

ஓட்டலாம், ப்ராசஸரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். ஏஎம்டியில் பெயரின் கடைசியில் ஜி வரும் 5600ஜி, 8600ஜி போன்றவற்றில் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ரோப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், செட்டிங்கைக் குறைத்து வைத்தால் வாலரன்ட் வரைக்கும் தாங்கும். இதற்குத் தனி மெமரி கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், அதனால் மேலே சொன்ன இரட்டைக் குச்சி இங்கே கண்டிப்பாக வேண்டும். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் (12400எஃப் போல) உள்ளே கிராஃபிக்ஸே இல்லை என்று அர்த்தம், கார்டு இல்லாமல் திரையில் ஒரு புள்ளிகூட வராது.

"பாகம் பாகமா வாங்கிச் சேர்த்தா மலிவுங்கறாங்களே?"

கொஞ்சம் மலிவுதான். சேர்க்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அவரும் பையனும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து சேர்ப்பதே பரிசு. அப்படி யாரும் இல்லையென்றால் சேர்த்துச் சோதித்துக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயரும் பில்லில் இருக்கட்டும், முக்கியமாக மதர்போர்டும் பவர் சப்ளையும். "500 வாட்" என்று மட்டும் எழுதி கம்பெனி பெயரைச் சொல்லாத பவர் சப்ளை வேண்டாம். 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று) உள்ள 550 வாட் அல்லது 650 வாட் இருந்தால் பின்னால் கார்டை மாற்றவும் இடம் இருக்கும்.

"லோட் ஷெட்டிங்தான் இப்ப இல்லையே, யூபிஎஸ் எதுக்கு?"

2023 மாதிரி முறைவைத்துக் கரண்டை நிறுத்தும் (அதுதான் லோட் ஷெட்டிங்) நிலைமை இப்போது இல்லை, உண்மைதான். ஆனாலும் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு, சுமை தாங்காத பகுதிகளில் மட்டும் கரண்டை நிறுத்தும் லோட் ரிடக்‌ஷன் என்று கரண்ட் போகத்தான் செய்கிறது. போவதைவிடத் திரும்பி வரும் நேரம்தான் ஆபத்து. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் கோடை மாலைகளில் வரும் இடி மின்னல் வேறு. நல்ல சர்ஜ் பிளக் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், மின்னல் பலமாக அடிக்கும்போது அதையும் நம்பாமல் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள், நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து.

யூபிஎஸ் என்றால் சின்னது போதும், ஆனால் அதில் விளையாட்டைத் தொடரலாம் என்று நினைக்காதீர்கள். கேமிங் பிசி ஓடும்போது 250, 300 வாட் இழுக்கும், 650 விஏ யூபிஎஸ் அதைச் சில நிமிஷம்தான் தாங்கும். சேவ் செய்து அணைக்க அந்த நேரம் போதும். டர்பன் கடலோர வீடுகளுக்கு ஒரு உபரித் தகவல்: உப்புக் காற்று அடிக்கும் ஜன்னல் ஓரத்தில் டவரை வைக்காதீர்கள், திருகுகள் துருப்பிடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

"ஃபேஸ்புக்ல ஒருத்தர் கார்டு விக்கிறார், பாதி விலை. வாங்கலாமா?"

அவர் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு விளையாட்டைக் கால் மணி நேரம் ஓட்டிக் காட்டினால் வாங்கலாம். ஆர்எக்ஸ் 6600 பழையதாக நல்ல விலைக்குக் கிடைத்தால் எனக்கே ஆசை வரும். படத்தை அனுப்பி "முதலில் பணம் போடுங்கள்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

போலிகளும் உண்டு. 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450 கார்டின் உள் மென்பொருளை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டவைத்து விற்பது பழைய வித்தை. கார்டின் பின்பக்கம் பாருங்கள்: 15 ஓட்டை உள்ள நீலநிற விஜிஏ வாய் இருந்தால் சந்தேகப்படுங்கள், அசல் 1050 டிஐ சில்லில் விஜிஏ வசதியே கிடையாது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளும் இப்படிப்பட்ட கார்டுகளைப் போலி என்று காட்டிக்கொடுக்கும்.

"ஜனவரியில சென்னை போறோம். அங்கேருந்து கார்டு எடுத்துட்டு வந்தா லாபமா?"

பெரும்பாலும் இல்லை. அங்கே 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டி வாங்குவீர்கள். இங்கே ஒரு பயணிக்கு 5,000 ராண்ட் வரைக்கும்தான் வரியில்லாமல் கொண்டுவரலாம், அதற்கு மேலே அடுத்த 20,000 ராண்ட் மதிப்புக்கு 20 சதவீதம் வரி. கெட்டுப்போனால் இங்குள்ள கடை எடுக்காது, சென்னைக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். மின்சாரத்தில் பிரச்சினை இல்லை, இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான். நம்மூரில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் குண்டு ஊசி மூன்று உள்ள அந்தப் பெரிய பிளக் இங்கே சுவர் எல்லாம் இருக்கிறதே, கவனித்திருப்பீர்கள்.

"நான் வாங்குறேன், ஆனா அக்கா பையனுக்கு. கெட்டுப்போனா யார் கடைக்குப் போறது? பிடிக்கலைன்னா திருப்பலாமா?"

பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் கடை கேட்கும். பரிசோடு பில்லின் நகலையும் அக்காவிடம் கொடுங்கள், அசலைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008-இன்படி, பழுதான பொருளைக் கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதை வாங்கியவர்தான் சொல்லலாம். ஃபேஸ்புக் தம்பியிடம் தனிப்பட்ட முறையில் வாங்கியதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

"பிடிக்கவில்லை" என்பது வேறு கணக்கு. இணையத்தில் வாங்கியதை, பொருள் வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் சொல்கிறது, அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆனால் நீங்கள் கேட்டபடி தனியாகச் செய்து கொடுத்த பொருளுக்கு அந்த உரிமை இல்லை. பாகங்களை நீங்களே தேர்ந்தெடுத்துச் சேர்க்கச் சொன்ன கம்ப்யூட்டரை அந்த வகையில் சேர்த்துவிடலாம், பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பிளாக் ஃப்ரைடேயில் வாங்கி, பிறந்தநாள் ஜனவரியில் என்று அலமாரிக்கு மேலே மூடி வைத்தால் அந்த ஏழு நாளும் வீண், ஆறு மாதத்திலும் கொஞ்சம் போய்விடும். வந்த அன்றே பிரித்து, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, திரும்ப மூடி வையுங்கள். பெட்டி பிரிந்திருந்தால் பையன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

"விண்டோஸ் கீ 200 ராண்டுக்குத் தரேன்கிறார் ஒருத்தர். சரிதானா?"

அந்த விலைக்கு மைக்ரோசாஃப்ட் விற்பதில்லை. கம்பெனிகளுக்குக் கொடுத்த கீயை (விண்டோஸுக்கான உரிமக் குறியீடு) பிய்த்து விற்பார்கள், இன்றைக்கு வேலை செய்யும், ஒருநாள் முடக்கப்படலாம். கடையிலேயே விண்டோஸ் 11 ஹோம் சேர்த்துப் பில் போடச் சொல்லுங்கள். லினக்ஸ் இலவசம்தான், எனக்கும் பிடிக்கும், ஆனால் வாலரன்டும் ஃபோர்ட்நைட்டும் அதில் ஓடாது. ஒரு பிள்ளையின் பிறந்தநாள் அன்று அந்தப் பாடத்தை எடுக்க வேண்டாம்.

"எல்லாம் நீங்க சொன்னபடி வாங்கியாச்சு. ஆனா கேம் திக்கித் திக்கி ஓடுது. ஏமாத்திட்டாங்களா?"

முதலில் டவரின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மேலே யூஎஸ்பி, ஆடியோ வாய்களோடு ஒரு எச்டிஎம்ஐ இருக்கும், அது மதர்போர்டுடையது. கீழே படுக்கைவசமாகத் தனியாக எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் வரிசை இருக்கும், அதுதான் கார்டு. ப்ராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருந்து, கேபிளை மேலே சொருகியிருந்தால் படம் வரும், ஆனால் இவ்வளவு காசு கொடுத்த கார்டு உள்ளே சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். எனக்கு வரும் "ஏமாற்றிவிட்டார்கள்" புகார்களில் இதுதான் அதிகம்.

அது சரியாக இருந்தால் மானிட்டரைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினாலும் விண்டோஸ் அதை 60-இல் வைத்திருக்கும் வழக்கம் உண்டு, டிஸ்பிளே செட்டிங்கில் போய் மாற்ற வேண்டும். ராமும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற செட்டிங்கை இயக்கும்வரை விலைச்சீட்டில் சொன்ன வேகத்துக்கு வராது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அந்தந்தக் கம்பெனித் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். இதற்கு அப்புறமும் திக்கினால் ராம் ஒரே குச்சியா என்று பக்கக் கதவைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஆனால் சுட்டால் எதிரி சாக நேரமாகிறது என்றால் அது கம்ப்யூட்டர் இல்லை, இணையம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் தென்னாப்பிரிக்காவிலேயே சர்வர் உண்டு. ஐரோப்பாவில்தான் சர்வர் இருக்கிறது என்றால் எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும் அந்தத் தூரம் குறையாது. வைஃபைக்குப் பதில் கேபிள் இழுத்தால் கொஞ்சம் தேறும்.

"ரெண்டு வருஷம் கழிச்சு கார்டை மட்டும் மாத்திக்கலாமா, இல்ல மொத்தமா புதுசா?"

கார்டை மட்டும் மாற்றலாம், அதற்குத்தான் பவர் சப்ளையில் இடம் விடச் சொன்னேன். ரைசன் 5 5600 போன்றவை உட்காரும் ஏஎம்4 மதர்போர்டுக்குப் புதுத் தலைமுறை ப்ராசஸர்கள் வருவதில்லை. ரைசன் 7000, 8000, 9000 வரிசைகள் உட்காரும் ஏஎம்5-க்கு 2027 வரையாவது ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஆனால் அதற்கு டிடிஆர்5 என்ற புது வகை ராம்தான் வேண்டும், முதல் செலவு கூடும். நான் பையனின் ஆசை எவ்வளவு நாள் நிற்கும் என்று பார்த்துத்தான் சொல்வேன். முதல் கம்ப்யூட்டர் என்றால் ஏஎம்4 போதும்.

மாற்றப் போகும்போது புதுக் கார்டுக்கு எட்டு ஊசி கேபிள் எத்தனை வேண்டும், உங்கள் பவர் சப்ளையில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். மூன்று விசிறி வைத்த கார்டுகள் 30 சென்டிமீட்டரைத் தாண்டவும் செய்யும், அதனால் பெட்டிக்குள் டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.